லினக்ஸ் மேசைக்கணினியில் யாருக்காக இத்தனை பின்னணி சர்வீஸ்கள்?

செவ்வாய்ப்பேட்டைப் பட்டறை எழுதியது:

வெள்ளிப் பட்டறைக் கணக்குக்காக வைத்திருக்கும் மேசைக்கணினி. 4 ஜிபி ரேம், பழைய சுழலும் ஹார்டு டிஸ்க், உபுண்டு 22.04. கொலுசு டிசைன் படங்கள், ஆட்களின் கூலிக் கணக்கு, ஜிஎஸ்டி பில், பிரவுசர். இதற்கு மேல் இதில் வேலையே கிடையாது. காலையில் ஆன் செய்தால் டிஸ்க் விளக்கு அணையாமல் எரிகிறது. லிப்ரே ஆபிஸ் திறப்பதற்குள் வாங்கி வைத்த டீ ஆறிவிடுகிறது.

சிஸ்டம் மானிட்டரில் எல்லா புராசஸ்களையும் காட்டச் சொன்னேன். பட்டியல் முடிகிற வழியாக இல்லை. எவல்யூஷன் என்ற பெயரில் மட்டும் மூன்று நான்கு ஓடுகின்றன. அந்த மெயில் புரோகிராமை நான் ஒருநாளும் திறந்ததில்லை. மோடம் மேனேஜர் ஓடுகிறது, மோடம் இல்லை. புளூடூத் ஓடுகிறது, கணினியில் புளூடூத்தே இல்லை. அவாஹி, வூப்சி, பிஆர்எல்டிடிஒய், டிராக்கர் என்று வாயில் நுழையாத பெயர்கள் வேறு. கேட்காமலே வந்து உட்கார்ந்திருக்கும் இவற்றில் எதையெல்லாம் நிறுத்தலாம்?

இன்னொரு தொல்லையும் இருக்கிறது. மின்னணுத் தராசை யுஎஸ்பி கேபிளில் இணைத்தால் ஒரு நொடி தெரிந்துவிட்டு மறைந்துவிடுகிறது. இரண்டுக்கும் சம்பந்தம் உண்டா என்று தெரியவில்லை. சேர்த்தே கேட்டுவிடுகிறேன்.

சூரமங்கலம் சர்வீஸ் எழுதியது:

அண்ணா, யோசிக்காமல் நிறுத்த வேண்டியவை: புளூடூத், மோடம் மேனேஜர், அவாஹி (நெட்வொர்க்கில் சாதனங்களைத் தேடுவது), கப்ஸ்-பிரவுஸ்டு (நெட்வொர்க் பிரிண்டர்களைத் தேடுவது), வூப்சி, அப்போர்ட், கெர்னெல்ஊப்ஸ். கடைசி மூன்றும் பிழை அறிக்கை அனுப்புபவை. நீங்கள் அனுப்பப் போவதும் இல்லை, அதைப் படித்து யாரும் உங்களைக் கூப்பிடப் போவதும் இல்லை.

இன்னும் நேராகச் சொன்னால், உபுண்டுவை எடுத்துவிட்டு லினக்ஸ் மின்டின் இலகுவான எக்ஸ்எஃப்சிஇ டெஸ்க்டாப் பதிப்பைப் போடுங்கள். 2020இல் வந்த 20ஆம் பதிப்பிலிருந்தே மின்டில் ஸ்னாப் (உபுண்டு புரோகிராம்களைத் தந்து தானாகப் புதுப்பிக்கும் தொகுப்பு முறை) இயல்பாகக் கிடையாது. பாதித் தலைவலி அங்கேயே தீர்ந்துவிடும்.

கணினி ஆசிரியை எழுதியது:

மருந்து அப்புறம் இருக்கட்டும், முதலில் நோயைப் பார்ப்போம்.

பட்டியலின் நீளத்தை வைத்து எதையும் முடிவு செய்யாதீர்கள். லினக்ஸில் ஓடும் புராசஸ்களில் பெரும்பாலானவை தூக்க நிலையில் கிடக்கும். யாராவது எழுப்பும்வரை அவை சிபியுவில் ஒரு நொடியையும் எடுப்பதில்லை. பஸ் நிலைய பெஞ்சில் தூங்குகிறவரால் பஸ் தாமதமாவதில்லை. புளூடூத் இல்லாத கணினியில் புளூடூத் சர்வீஸும் அப்படித்தான்: நிறுத்தினால் நட்டமில்லை, ஆனால் டிஸ்க் விளக்கு அதனால் அணையாது.

ரேம் கணக்கிலும் ஒரு குழப்பம் உண்டு. 'ஃப்ரீ' கட்டளை காட்டும் பத்திகளில் 'ஃப்ரீ' என்பது சுத்தமாகச் சும்மா கிடக்கும் ரேம். அது எப்போதும் குறைவாகத்தான் இருக்கும், ஏனென்றால் சும்மா கிடப்பதை எல்லாம் லினக்ஸின் உள்மையமான கெர்னெல் ஃபைல் தற்காலிகச் சேமிப்புக்கு எடுத்துக்கொள்கிறது, கேட்டால் உடனே விட்டுக்கொடுக்கிறது. பார்க்க வேண்டியது 'அவெய்லபிள்' என்ற கடைசிப் பத்தி. 2014இல் வந்த 3.14 கெர்னெலிலிருந்து அந்தக் கணக்கை கெர்னெலே தருகிறது. அது சில நூறு எம்பிக்குக் கீழே இறங்கி, ஸ்வாப் (ரேம் போதாதபோது டிஸ்க்கில் பயன்படுத்தும் இடம்) ஏறிக்கொண்டே போனால்தான் பிரச்சினை.

எனவே ஒரு வேலை செய்யுங்கள். ஐஓடாப் நிறுவி, காலையில் ஆன் செய்ததும் நிர்வாகி உரிமையோடு ஓட்டுங்கள். டிஸ்க்கை யார் படிக்கிறார்கள், யார் எழுதுகிறார்கள் என்று தெரிந்துவிடும். புதிய கெர்னெல்களில் சதவீதப் பத்தி காலியாக இருக்கும். பரவாயில்லை, வேகப் பத்திகள் இரண்டும் போதும். முதல் நான்கைந்து பெயர்களை இங்கே போடுங்கள்.

ஏற்காடு எஸ்டேட் எழுதியது:

சர்வீஸ் தம்பி, மோடம் மேனேஜரைப் பொதுவாக எல்லோருக்கும் 'யோசிக்காமல் நிறுத்து' என்று எழுதாதீர்கள். எங்கள் எஸ்டேட் அலுவலகத்தில் சிம் போட்ட யுஎஸ்பி டாங்கிள்தான் இன்டர்நெட். இருபது கொண்டை ஊசி வளைவு ஏறி வந்து கேபிள் இழுத்துத் தர யாரும் தயாராக இல்லை. இப்படி ஒரு பட்டியலை எங்கோ பார்த்துவிட்டு எங்கள் கணக்கர் மோடம் மேனேஜரை மாஸ்க் செய்து, அதாவது எழவே முடியாதபடி பூட்டி வைத்தார். டாங்கிள் செருகினால் நெட்வொர்க் மேனேஜரில் மொபைல் இணைப்பு என்ற வரியே வரவில்லை. டாங்கிள் கெட்டுவிட்டது என்று மழையில் சேலத்துக்கு இறங்கிப் போய் வேறு ஒன்று வாங்கி வந்தார். அதுவும் வரவில்லை.

சூரமங்கலம் சர்வீஸ் எழுதியது:

ஏற்றுக்கொள்கிறேன் ஐயா. சில டாங்கிள்கள் ஈதர்நெட் மாதிரி தங்களைக் காட்டிக்கொள்ளும், அவற்றுக்கு அது வேண்டாம். உங்களுடையது உண்மையான மோடமாக வருகிற வகை போலிருக்கிறது. செவ்வாய்ப்பேட்டை அண்ணாவுக்கு ஃபைபர் இணைப்பு இருந்தால் என் பதில் அப்படியே நிற்கிறது.

ஓமலூர் மாணவன் எழுதியது:

இழையின் நடுவில் கேட்பதற்கு மன்னியுங்கள். அக்காவுக்குப் பள்ளியில் கிடைத்த விலையில்லா மடிக்கணினி இப்போது என்னிடம் இருக்கிறது. 2 ஜிபி ரேம். பட்டியலில் கே-வொர்க்கர் என்று சதுர அடைப்புக்குள் ஏகப்பட்டது வருகிறது. கில் கட்டளை கொடுத்தாலும் சாகவில்லை. வைரஸா?

கணினி ஆசிரியை எழுதியது:

வைரஸ் இல்லை தம்பி. சதுர அடைப்புக்குள் வருபவை கெர்னெலின் சொந்த இழைகள். எல்லாவற்றுக்கும் தாய் 2ஆம் எண் புராசஸ். அவற்றுக்குத் தனி நினைவக இடமே கிடையாது, ரேம் பத்தியில் பூஜ்யம்தான் காட்டும். கில் அவற்றை ஒன்றும் செய்யாது, செய்யவும் கூடாது. ஒரு கே-வொர்க்கர் இடைவிடாமல் சிபியுவைத் தின்றால் மட்டும், பெரும்பாலும் ஏதோ ஒரு ஹார்டுவேர் டிரைவர் அதற்கு ஓயாமல் வேலை கொடுக்கிறது என்று பொருள். அப்போது இங்கே தனிக் கேள்வியாகப் போடுங்கள்.

2 ஜிபி ரேமில் உபுண்டுவோடு வரும் குனோம் டெஸ்க்டாப் வேண்டாம். எக்ஸ்எஃப்சிஇ அல்லது எல்எக்ஸ்கியூடி போடுங்கள். சர்வீஸ்களை ஒவ்வொன்றாகப் பிடுங்குவதைவிட அது சுலபம்.

செவ்வாய்ப்பேட்டைப் பட்டறை எழுதியது:

ஐஓடாப் பார்த்தேன். முதலில் நிற்பது டிராக்கர்-மைனர்-எஃப்எஸ்-3, அடுத்து டிராக்கர்-எக்ஸ்ட்ராக்ட்-3. பிறகு ஸ்னாப்டி. பிரவுசர் திறந்த பிறகு கே-ஸ்வாப்டி மேலே வருகிறது. சிஸ்டம் மானிட்டரில் டிராக்கரை முடித்துவிட்டால் சிறிது நேரத்தில் மறுபடி முளைக்கிறது. பிக்சர்ஸ் ஃபோல்டரில் டிசைன் படங்கள் பல ஆயிரம் இருக்கும். வாட்ஸ்அப்பில் வருவதையும் பையன் அதிலேயே கொட்டுகிறான்.

தொடக்கத்தில் எந்த சர்வீஸ் எவ்வளவு நேரம் எடுக்கிறது என்று காட்டும் சிஸ்டம்டி-அனலைஸ் பிளேம் என்பதையும் ஓட்டினேன். அதில் முதலிடம் பிளைமவுத்-குவிட்-வெயிட், இரண்டாமிடம் நெட்வொர்க்மேனேஜர்-வெயிட்-ஆன்லைன். இவற்றை வெட்டலாமா?

கணினி ஆசிரியை எழுதியது:

நோய் தெரிந்துவிட்டது. டிராக்கர் என்பது குனோமின் ஃபைல் அட்டவணைக்காரர். டாக்குமென்ட்ஸ், மியூசிக், பிக்சர்ஸ், வீடியோஸ் ஃபோல்டர்களுக்குள் ஆழமாகப் போய் ஒவ்வொரு ஃபைலையும் திறந்து, படம் என்றால் எடுத்த தேதி, அளவு, கேமரா விவரம், ஆவணம் என்றால் உள்ளே இருக்கும் சொற்கள் என்று அட்டவணை போடுகிறது. தேடும்போது உடனே கிடைப்பதற்காக இந்த ஏற்பாடு. எஸ்எஸ்டி உள்ள கணினியில் இது நடப்பதே தெரியாது. சுழலும் டிஸ்க்கில், ஊசி இங்குமங்கும் ஓடி ஆயிரக்கணக்கான சிறு ஃபைல்களைப் படிப்பதைப் போல மெதுவான வேலை வேறு இல்லை. அதே ஊசியிடம்தான் லிப்ரே ஆபிஸும் கேட்டு நிற்கிறது. 2024இல் குனோம் 47 வந்தபோது இதன் பெயர் லோக்கல்சர்ச் ஆகிவிட்டது. புதிய பதிப்புக்கு மாறினால் அந்தப் பெயரில் தேடுங்கள்.

முதலில் மென்மையான வழி. செட்டிங்ஸில் தேடல் பகுதிக்குப் போய், தேடும் இடங்கள் பட்டியலில் பிக்சர்ஸை அணைத்துவிடுங்கள். கூலிக் கணக்கு இருக்கும் டாக்குமென்ட்ஸ் அட்டவணையில் இருக்கட்டும், தேடும்போது உதவும். அதோடு நின்றால் நல்லது.

தேடலே வேண்டாம் என்றால் மாஸ்க் செய்யலாம். முடித்தாலும் முளைக்கிறது என்றீர்களே, அதற்குக் காரணம் இதுதான்: 'ஸ்டாப்' கொடுத்தால் இந்த நொடிக்கு மட்டும் நிற்கும். 'டிஸேபிள்' கொடுத்தால் தானாகத் தொடங்காது, ஆனால் வேறு புரோகிராம் கூப்பிட்டால் எழுந்துவிடும். 'மாஸ்க்' கொடுத்தால் யார் கூப்பிட்டாலும் எழ முடியாது, ஏனென்றால் அதன் பெயர் டெவ்-நல் என்ற வெற்றிடத்தோடு இணைக்கப்பட்டுவிடும். டிராக்கர் பயனர் அளவில் ஓடும் சர்வீஸ். எனவே சர்வீஸ்களை நிறுத்தித் தொடங்கும் சிஸ்டம்சிடிஎல் கட்டளையில் 'யூசர்' என்ற தெரிவு கட்டாயம்; நிர்வாகியாக ஓட்டினால் அப்படி ஒரு சர்வீஸே இல்லை என்று சொல்லும்.

பிளேம் பட்டியலைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். சர்வீஸ்கள் ஒன்றோடொன்று இணையாகத் தொடங்குகின்றன, முதலிடத்தில் இருப்பதுதான் தாமதத்துக்குக் காரணம் என்று பொருளில்லை. பிளைமவுத்-குவிட்-வெயிட் என்பது தொடக்கப் படம் முடியும்வரை காத்திருக்கும் கணக்கு மட்டுமே. அதை விட்டுவிடுங்கள். வெயிட்-ஆன்லைன் இணைப்பு வரும்வரை நிற்கிறது. வேறு கணினியின் ஃபோல்டரைத் தொடக்கத்திலேயே இணைக்கும் வழக்கம் இல்லையென்றால் அதை டிஸேபிள் செய்யலாம். உண்மையான தாமதச் சங்கிலியைப் பார்க்க 'கிரிட்டிகல்-செயின்' என்ற துணைக் கட்டளை இருக்கிறது.

சூரமங்கலம் சர்வீஸ் எழுதியது:

தராசுக் கதையை எல்லோரும் விட்டுவிட்டீர்கள். இந்த இழையிலேயே எனக்குப் பிடித்த பகுதி அதுதான்.

அண்ணா, உங்கள் தராசுக் கேபிளில் சிஎச்340 என்ற சிப் இருக்கும். விலை குறைந்த சீரியல் கேபிள்களில் பெரும்பாலும் அதுதான். அடையாள எண் 1ஏ86:7523. பார்வையற்றோர் பயன்படுத்தும் பிரெயில் சாதனம் ஒன்றும் அதே சிப்பில், அதே எண்ணோடு வருகிறது. உங்கள் பட்டியலில் இருந்த பிஆர்எல்டிடிஒய் பிரெயில் திரைகளுக்கான சர்வீஸ். தராசைச் செருகியதும் 'நம் ஆள் வந்துவிட்டார்' என்று அது பிடித்துக்கொள்கிறது, டிடிஒய்யுஎஸ்பி0 என்ற போர்ட் காணாமல் போகிறது. உபுண்டு 22.04இல் இது பேர்போன தொல்லை. ஆர்டுயினோ வைத்திருந்த கல்லூரிப் பையன்கள் எல்லாம் இதில் சிக்கினார்கள். டிமெசேஜ் கட்டளையில் கடைசி வரிகளைப் பாருங்கள், சிஎச்341 என்ற அந்தச் சிப்பின் டிரைவர் பிடித்திருந்ததை பிஆர்எல்டிடிஒய் பறித்ததாக எழுதியிருக்கும்.

உபுண்டுவின் நிறுவல் கட்டளையான ஏபிடி வழியாக பிஆர்எல்டிடிஒய் தொகுப்பை நீக்கிவிட்டுக் கேபிளைக் கழற்றி மாட்டுங்கள். அப்படியும் எடை மென்பொருள் போர்ட்டைத் திறக்க அனுமதி இல்லை என்றால் உங்கள் பயனர் பெயரை டயலவுட் குழுவில் சேர்த்து, ஒருமுறை லாக் அவுட் செய்து வாருங்கள்.

கணினி ஆசிரியை எழுதியது:

இதைப் படிக்கும் மற்றவர்களுக்காக ஒன்று சேர்க்கிறேன். பட்டறையில் பிரெயில் திரை இல்லை, நீக்கலாம். எங்கள் ஆய்வகத்தில் பார்வையற்ற மாணவி ஒருவர் இருக்கிறார். அங்கே பிஆர்எல்டிடிஒய், திரையைப் படித்துக்காட்டும் ஓர்கா, அதற்குக் குரல் தரும் ஸ்பீச்-டிஸ்பேச்சர் மூன்றில் எதைத் தொட்டாலும் அவரால் லாக் இன் திரையையே தாண்ட முடியாது. பலர் பயன்படுத்தும் கணினி என்றால் கேட்டுவிட்டு நீக்குங்கள்.

குகை அச்சகம் எழுதியது:

தமிழ் தட்டச்சு செய்பவன் என்ற முறையில் ஒரு வேண்டுகோள். வேகம் கூட்டும் ஸ்கிரிப்ட் என்று இணையத்தில் கிடைப்பவற்றை அப்படியே ஓட்டாதீர்கள். எங்கள் பக்கத்துக் கடையில் ஓட்டினார்கள். ஐபஸ்-டீமன் 'தேவையற்றது' என்று அதில் எழுதியிருந்தது. ஆங்கிலம் மட்டும் தட்டுகிறவனுக்கு அது தேவையற்றதுதான். நமக்கு தமிழ்99 விசைப்பலகை ஐபஸ்ஸின் எம்17என் இன்ஜின் வழியாகத்தான் வருகிறது. முகூர்த்த மாதத்தில் கல்யாணப் பத்திரிகை வேலை குவிந்து கிடக்க, ஒரு 'அ' விழவில்லை. கீபோர்டு போய்விட்டது என்று நினைத்துப் புதியது வாங்கியதெல்லாம் தனிக் கதை.

புரோகிராம்களுக்கும் டெஸ்க்டாப்புக்கும் இடையே தூது போகும் எக்ஸ்டிஜி-டெஸ்க்டாப்-போர்ட்டல் என்பதையும் அந்த ஸ்கிரிப்ட் நிறுத்தியிருந்தது. அதற்குப் பிறகு சில புரோகிராம்கள் பதில் வரும் வரை காத்துக் கிடந்து, 25 நொடி கழித்தே திறந்தன. வேகம் கூட்டப் போன இடத்தில்!

ஏற்காடு எஸ்டேட் எழுதியது:

எங்களுக்கு ரேம் பிரச்சினை இல்லை, மலைக் குளிரில் ஃபேன் சத்தம்கூடக் கிடையாது. டேட்டாதான் பிரச்சினை. ஸ்னாப்பை நடத்தும் சர்வீஸான ஸ்னாப்டி இயல்பாக நாளுக்கு நான்கு முறை புதுப்பிப்பு இருக்கிறதா என்று பார்க்கிறது. உபுண்டு 22.04இல் ஃபயர்ஃபாக்ஸே ஸ்னாப்பாக வருவதால் ஒவ்வொரு முறையும் இறங்குவது கொஞ்சநஞ்சம் இல்லை. காபி பறிப்புக் காலத்தில் கூலிப் பட்டியலை அனுப்ப முடியாமல் டேட்டா தீர்ந்து உட்கார்ந்திருப்போம்.

ஸ்னாப்டியை நீக்கினால் ஃபயர்ஃபாக்ஸும் போய்விடும் என்பதால் நீக்கவில்லை. நெட்வொர்க் செட்டிங்ஸில் டாங்கிள் இணைப்பை 'மீட்டர்டு' (டேட்டா அளவு உள்ள இணைப்பு) என்று குறித்தோம். ஸ்னாப்பில் 'ரிஃப்ரெஷ்.மீட்டர்டு' என்ற அமைப்புக்கு 'ஹோல்டு' கொடுத்தோம். பிள்ளை வீட்டு வைஃபைக்கு மடிக்கணினியை எடுத்துப் போகும்போது அதுவாகப் புதுப்பித்துக்கொள்கிறது. செவ்வாய்ப்பேட்டைக்காரருக்கும் இது உதவுமே? காலை நேரத்தில் அது டிஸ்க்கைத் தொடாமல் இருக்கும்.

சூரமங்கலம் சர்வீஸ் எழுதியது:

அவர் ஃபைபர் இணைப்பை மீட்டர்டு என்று குறித்தால் பாதுகாப்புப் புதுப்பிப்பும் சேர்ந்து நின்றுவிடும் ஐயா. ஸ்னாப்புக்கு மட்டும் 'ரிஃப்ரெஷ்.டைமர்' வைத்து மதியச் சாப்பாட்டு நேரத்துக்குத் தள்ளலாம்.

அதோடு தானாகப் புதுப்பிக்கும் ஏபிடி-டெய்லி, அன்அட்டென்டட்-அப்கிரேட்ஸ் இரண்டையும் நான் வாடிக்கையாளர் கணினிகளில் மாஸ்க் செய்துவிடுவேன். காலையில் கடை திறந்ததும் அதுவும் டிஸ்க்கைக் கடிக்கிறது. மாதம் ஒருமுறை நானே போய்ப் புதுப்பித்துத் தருகிறேன்.

கணினி ஆசிரியை எழுதியது:

இதில் உங்களோடு ஒத்துப்போக முடியாது. நீங்கள் மாதம் ஒருமுறை போகிறவர், சரி. இதைப் படித்துவிட்டு மாஸ்க் செய்யும் நூறு பேரிடம் யார் போவார்கள்? 2024 செப்டம்பரில் கப்ஸ்-பிரவுஸ்டில் வெளிப்பட்ட ஓட்டை நினைவிருக்கிறதா? யுடிபி 631 போர்ட்டில் யார் அனுப்பும் தகவலையும் நம்பி பிரிண்டர் சேர்த்துக்கொண்டது. பயனர் அந்தப் பிரிண்டரில் அச்சிடும்போது வெளியாள் கட்டளை ஓடும் நிலை. அதை அடைத்த திருத்தம் பல வீடுகளுக்குத் தானாகப் போய்ச் சேர்ந்தது இந்த அன்அட்டென்டட்-அப்கிரேட்ஸ் வழியாகத்தான். டைமரின் நேரத்தை மாற்றுங்கள், சர்வீஸைக் கொல்லாதீர்கள்.

உங்கள் முதல் பட்டியலில் கப்ஸ்-பிரவுஸ்டு இருந்தது, அதற்கு என் முழு ஆதரவு. ரேமுக்காக அல்ல, கேட்டுக்கொண்டிருக்கும் ஒரு போர்ட் மூடப்படுகிறது என்பதற்காக. எஸ்எஸ் கட்டளையைக் கொண்டு எந்தெந்த போர்ட் திறந்திருக்கிறது என்று பார்த்து, அங்கிருந்து தொடங்குவது என் வழக்கம்.

சூரமங்கலம் சர்வீஸ் எழுதியது:

மேடம், என் வாடிக்கையாளருக்கு என் வழக்கம். பாதி அப்டேட்டில் கரன்ட் போய், மறுநாள் காலை பூட் ஆகாத கணினியைத் தூக்கிக்கொண்டு என்னிடம்தான் வருகிறார்கள். பொதுவாக இணையத்தில் எழுதுவதற்கு நீங்கள் சொல்வது பொருந்தும், ஒத்துக்கொள்கிறேன்.

செவ்வாய்ப்பேட்டைப் பட்டறை எழுதியது:

செய்து பார்த்ததைச் சொல்கிறேன்.

தராசு வேலை செய்கிறது. பிஆர்எல்டிடிஒய் போனதும் கேபிள் மறையாமல் நின்றுவிட்டது. டயலவுட்டும் சேர்க்க வேண்டியிருந்தது. எடை நேராகப் பில்லில் விழுகிறது. இதற்காகவே எல்லோருக்கும் ஆளுக்கொரு தட்டுவடை செட்.

பிக்சர்ஸை அட்டவணையிலிருந்து எடுத்தேன். காலை டிஸ்க் விளக்கு இப்போது விட்டுவிட்டு மின்னுகிறது, தொடர்ச்சியாக எரிவதில்லை. ஸ்னாப் டைமரை மதியத்துக்குத் தள்ளினேன். மோடம் மேனேஜர், புளூடூத், வூப்சி மூன்றையும் நிறுத்தியதில் வித்தியாசம் எதுவும் தெரியவில்லை, நிறுத்தியது நிறுத்தியதாக இருக்கட்டும். பிரவுசரில் ஜிஎஸ்டி தளமும் வாட்ஸ்அப்பும் சேர்ந்து திறந்தால் மட்டும் இன்னும் திணறுகிறது.

மீதிச் சந்தேகம் இரண்டு. எவல்யூஷன் புராசஸ்களை நீக்கலாமா? பில் அடிக்க டாட் மேட்ரிக்ஸ் பிரிண்டர் இருக்கிறது. கப்ஸ்-பிரவுஸ்டையும் அவாஹியையும் நிறுத்தினால் அது நிற்குமா?

கணினி ஆசிரியை எழுதியது:

எவல்யூஷன் மெயில் புரோகிராம் வேறு, எவல்யூஷன்-டேட்டா-சர்வர் வேறு. பின்னது மேல் பட்டையில் தேதியைச் சொடுக்கினால் வரும் நாட்காட்டிக்குத் தகவல் தருகிறது, குனோம் ஷெல் அதைச் சார்ந்து நிற்கிறது. ஏபிடியில் நீக்கச் சொன்னால் 'இவையும் நீக்கப்படும்' என்று ஒரு பட்டியல் வரும், அதில் குனோம் ஷெல்லே இருக்கும். படிக்காமல் சரி என்று அழுத்தியவர்கள் மறுநாள் கறுப்புத் திரையோடு வருகிறார்கள். விட்டுவிடுங்கள், சும்மாதான் தூங்குகிறது.

டாட் மேட்ரிக்ஸ் நிற்காது. தனி டிரைவரோடு யுஎஸ்பியில் இணைந்த பழைய பிரிண்டருக்கு அச்சு சர்வீஸான கப்ஸ் மட்டும் போதும். டிரைவர் இல்லாமலே வேலை செய்யும் புதிய யுஎஸ்பி பிரிண்டர்கள் ஐபிபி-யுஎஸ்பி வழியாக வருகின்றன, அவற்றுக்கு மட்டும் அவாஹி வேண்டும்.

பிரவுசர் திணறல் பின்னணி சர்வீஸ் பிரச்சினையே அல்ல. ஃபயர்ஃபாக்ஸ் முகவரிப் பட்டையில் 'அபவுட்:புராசசஸ்' என்று போட்டால் எந்த டேப் எவ்வளவு ரேம் எடுக்கிறது என்று காட்டும். நீங்கள் நிறுத்திய மூன்று சர்வீஸையும் கூட்டினாலும் அந்த ஒரு வாட்ஸ்அப் டேப்புக்கு ஈடாகாது. ரேம் போதாதபோது இடம் ஒழித்துத் தரும் கே-ஸ்வாப்டி மேலே வருவதும் இதனால்தான். இசட்ரேம் போடுங்கள். ரேமிலேயே ஒரு பகுதியைச் சுருக்கி ஸ்வாப்பாகப் பயன்படுத்தும், அந்த அளவுக்கு மெதுவான டிஸ்க்குக்குப் போவது குறையும். 2020இல் வந்த ஃபெடோரா 33 முதல் ஃபெடோரா இதை இயல்பாகவே தருகிறது. உபுண்டுவில் இசட்ரேம்-டூல்ஸ் என்ற தொகுப்பை நிறுவ வேண்டும்.

ஓமலூர் மாணவன் எழுதியது:

2 ஜிபிக்கும் இசட்ரேம் உதவுமா மேடம்?

கணினி ஆசிரியை எழுதியது:

உங்களுக்குத்தான் அதிகம் உதவும். எக்ஸ்எஃப்சிஇ போட்ட பிறகு செய்யுங்கள்.

சூரமங்கலம் சர்வீஸ் எழுதியது:

அண்ணா, இசட்ரேம் போட்டுப் பாருங்கள், ஆனால் அந்த ஹார்டு டிஸ்க்கை வைத்துக்கொண்டு இன்னும் எத்தனை நாள் ஓட்டுவீர்கள்? டிஸ்க்கின் உடல்நிலையைக் காட்டும் ஸ்மார்ட்சிடிஎல் ஓட்டி, ரீஅலோகேட்டட் செக்டர் (கெட்டுப்போய் மாற்றப்பட்ட பகுதிகள்) வரியில் பூஜ்யம் இருக்கிறதா என்று சொல்லுங்கள். இல்லையென்றால் கூலிக் கணக்கை இன்றைக்கே பென்டிரைவில் எடுத்து வையுங்கள். எஸ்எஸ்டி மாற்ற வரும்போது தராசுக் கேபிளும் கொண்டு வாருங்கள், இங்கேயே சோதித்துவிடலாம். ஆயுத பூஜை வாரத்தில் மட்டும் வேண்டாம், கடையில் நிற்க இடம் இருக்காது.